நாற்பதுக்குள் சினைப்பை ஓய்ந்துவிட்டால்: புதிய சிகிச்சைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்த பெண்களைக் குறிவைத்து இப்போது பல சிகிச்சைகள் பேசப்படுகின்றன. பி.ஆர்.பி. ஊசி, ஸ்டெம் செல், சினைப்பைப் புத்துயிர்ப்பு, தோல் செல்லிலிருந்து கருமுட்டை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது நிலைபெற்ற மருத்துவம், எது இன்னும் ஆராய்ச்சி, எது ஆராய்ச்சியின் பெயரில் நடக்கும் வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்பதற்கே இந்தக் கேள்வி-பதில். இது உங்கள் மருத்துவருக்கு மாற்று அல்ல. அவர் முன் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

எனக்கு 31 வயது. ஆறு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "மெனோபாஸ் வந்துவிட்டது" என்கிறார்கள். உண்மையா?

அந்தச் சொல்லை அவசரப்பட்டு ஏற்க வேண்டாம். 40 வயதுக்கு முன்பு, குறைந்தது நான்கு மாதங்களாக மாதவிடாய் ஒழுங்கற்றோ நின்றோ போயிருந்து, ரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் 25 அலகுக்கு மேல் இருந்தால், அதை முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்கிறார்கள். ஐம்பதை ஒட்டி வரும் மெனோபாஸ் ஒரு முற்றுப்புள்ளி. இது அப்படியல்ல. பலருக்குச் சினைப்பை சில மாதங்கள் உறங்கி, ஒரு மாதம் விழித்து, மீண்டும் உறங்கிவிடுகிறது. புதிய சிகிச்சைகளைப் பற்றிய வாதம் முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

நூறில் ஒரு பெண்ணுக்கு வருவது என்று முன்பு சொன்னார்கள். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் அதை 3.5 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறது.

ஏ.எம்.எச். குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. எனக்கும் இதுதானா?

இல்லை. ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் மிஞ்சிய முட்டைகளின் அளவைக் காட்டும் ஹார்மோன். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அது குறைந்திருந்தால் முட்டை இருப்பு குறைவு என்று பொருள். சினைப்பை செயலிழந்துவிட்டது என்று பொருள் அல்ல. அவர் இயல்பாகவே கருத்தரிக்கலாம். முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐ.வி.எஃப். செய்தால் கிடைக்கும் முட்டைகள் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் கலந்து பேசுவது விளம்பரங்களுக்கு வசதியாக இருக்கிறது. முட்டை இருப்பு குறைந்தவர்களிடம் கிடைத்த முடிவைக் காட்டி, மாதவிடாயே நின்றுபோனவரிடம் சிகிச்சையை விற்கிறார்கள். எந்த ஆய்வைக் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது, அதில் பங்கெடுத்தவர்கள் உங்களைப் போன்றவர்களா என்பதுதான்.

ஏன் எனக்கு வந்தது? உணவா, மன அழுத்தமா, நான் ஏதாவது தவறு செய்தேனா?

நீங்கள் எதுவும் செய்யவில்லை. பெரும்பாலோருக்குக் காரணமே கண்டுபிடிக்கப்படுவதில்லை. கண்டுபிடிக்க முடிந்தவற்றில் டர்னர் நோய்க்குறி (ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் பிறப்பது) போன்ற குரோமோசோம் கோளாறுகள், புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிர்வீச்சு, சினைப்பைக் கட்டிகளுக்கான அறுவை சிகிச்சை, உடலின் எதிர்ப்பாற்றலே சினைப்பையைத் தாக்கும் நிலை ஆகியவை உண்டு.

ஒரு பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்: எஃப்.எம்.ஆர்.1 மரபணுச் சோதனை. இந்த மரபணுவில் குறிப்பிட்ட அளவு நீட்சி உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறது. அதே நீட்சி அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இன்னும் வளர்ந்து, குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கலாம். சொந்த முட்டையில் குழந்தை பெற முயலும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். குரோமோசோம் பரிசோதனை, தைராய்டு, அட்ரினல் சுரப்பிப் பரிசோதனைகளும் இதனுடன் சேர்ந்தவை.

என் கருமுட்டைகள் எல்லாமே தீர்ந்துவிட்டனவா?

எல்லாருக்கும் அப்படியில்லை.

ஒரு பெண் குழந்தை 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பூப்படையும்போது 3 அல்லது 4 லட்சம் மிஞ்சும். மெனோபாஸ் வரும்போது ஏறத்தாழ ஆயிரம். புதிய முட்டைகளை உடல் உருவாக்குவதில்லை என்பதே நீண்ட நாள் கருத்து. சினைப்பையில் முட்டையை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) உள்ளன என்று 2004 முதல் ஓர் அமெரிக்கக் குழு வாதிட்டது. ஆனால் 2020இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் மனிதச் சினைப்பையை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை.

முன்கூட்டியே செயலிழந்த சினைப்பைகள் இரண்டு வகை. ஒன்றில் முட்டைகள் ஏறக்குறைய முற்றிலும் தீர்ந்திருக்கும். மற்றதில் சில மிச்சமிருக்கும். ஆனால் விழிக்காமல் கிடக்கும். இரண்டையும் ஸ்கேனாலோ ரத்தப் பரிசோதனையாலோ உறுதியாகப் பிரித்தறிய முடிவதில்லை. புதிய சிகிச்சைகளில் பெரும்பாலானவை உறங்கும் முட்டையை எழுப்பும் முயற்சிகள். முட்டையே இல்லாத இடத்தில் எழுப்புவதற்கு ஒன்றும் இல்லை.

எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இந்தப் பெண்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் இயல்பாகக் கருத்தரிக்கிறார்கள். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலிலேயே தேவைப்படும்.

பி.ஆர்.பி. ஊசி போட்டால் சினைப்பை மீண்டும் வேலை செய்யும் என்கிறார்களே?

அதிகம் விற்கப்படுவது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, அதை ஊசி வழியாகச் சினைப்பைக்குள் செலுத்துகிறார்கள். தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் உறங்கும் முட்டைகளைத் தூண்டும் என்பது நம்பிக்கை. மூட்டு வலிக்கும் முடி கொட்டுவதற்கும் போடுகிறார்களே, அதே பொருள்தான்.

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு துருக்கியில் நடந்து 2020இல் வெளியானது. முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு உள்ள 311 பெண்களுக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 23 பேர், அதாவது 7.4 சதவீதம், ஐ.வி.எஃப். இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தார்கள். இயல்பாகவும் ஐ.வி.எஃப். வழியாகவும் சேர்த்து, குழந்தை பெற்றவர்களும் கர்ப்பம் நிலைத்தவர்களும் 25 பேர், அதாவது 8 சதவீதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி போடாத 311 பேரை அந்த ஆய்வு அருகில் வைத்துப் பார்க்கவில்லை. ஊசியே இல்லாமல் 5 முதல் 10 சதவீதம் பேர் கருத்தரிக்கும் நோயில், ஊசிக்குப் பின் 7.4 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள் என்றால் அதை எப்படிப் படிப்பது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். அந்த 5 முதல் 10 சதவீதம் என்பது சில ஆண்டுகளில் சேரும் கணக்கு, துருக்கி ஆய்வின் காலம் அதைவிடக் குறுகியது என்று ஆதரவாளர்கள் சொல்லலாம். நியாயம்தான். அதைத் தீர்க்க ஒரே வழி, குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சோதிப்பது.

அப்படியொரு சோதனையின் முடிவு 2024இல் வந்தது. முட்டை குறைவாகக் கிடைக்கும், 38 வயதுக்குட்பட்ட ஐ.வி.எஃப். பெண்களிடம் நடந்தது அது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கிடைத்த முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. துருக்கி ஆய்வை நடத்தியவர்களில் சிலரே இந்தச் சோதனையிலும் இருந்தார்கள் என்பதைப் பாராட்டாகவே சொல்கிறேன். தங்கள் கருத்தைத் தாங்களே உரசிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்தப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் முட்டை கொஞ்சம் இருப்பவருக்கே உதவாதது, ஏறக்குறைய இல்லாதவருக்கு உதவும் என்று நம்பக் கூடுதல் ஆதாரம் வேண்டும்.

ஐரோப்பிய சங்கம் 2023இல், ஐ.வி.எஃப்.உடன் சேர்த்துத் தரப்படும் கூடுதல் சிகிச்சைகள் பற்றி வெளியிட்ட பரிந்துரையில், சினைப்பைக்குள் பி.ஆர்.பி. போடுவதைப் பரிந்துரைக்கவில்லை.

ஊசி போட்டபின் என் தோழிக்கு ஏ.எம்.எச். 0.1இல் இருந்து 0.3 ஆனதே?

குழந்தை பிறந்ததா என்று கேளுங்கள். ஏ.எம்.எச். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும் எண். அவ்வளவு கீழே இருக்கும்போது ஆய்வக அளவீட்டின் பிழையே அந்த அளவுக்கு இருக்கலாம்.

ஜப்பானில் சினைப்பையை வெளியே எடுத்து, மருந்தில் ஊறவைத்து மீண்டும் பொருத்தி, குழந்தை பிறந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான். ஜப்பானின் கவாசாகியில் உள்ள செயின்ட் மரியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுஹிரோ கவாமுராவும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் ஷுவேயும் 2013இல் இதை வெளியிட்டார்கள்.

உறுப்புகள் அளவுக்கு மீறி வளராமல் தடுக்க உடலில் ஹிப்போ என்ற சமிக்ஞைத் தொடர் உண்டு. சினைப்பைத் திசுவைச் சிறு துண்டுகளாக வெட்டினால் அந்தத் தடை தளர்கிறது. கூடவே இரண்டு நாட்கள் மருந்தில் வளர்த்தால் முட்டைகளைத் தாங்கி உறங்கும் நுண்குமிழ்கள் விழிக்கின்றன. பிறகு துண்டுகளைக் கருக்குழாயின் மேலுறைக்குக் கீழே வைத்து, முட்டை வளர்ந்ததும் எடுத்து ஐ.வி.எஃப். செய்கிறார்கள். எடுக்க ஒரு லேப்பராஸ்கோபி (வயிற்றில் சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை), திரும்ப வைக்க இன்னொன்று.

முடிவுகள் யோசனை அளவுக்கு இல்லை. அதே குழு 2015இல் தந்த கணக்கில், சிகிச்சை பெற்ற 37 பேரில் 20 பேருக்குத்தான் திசுவில் நுண்குமிழ்கள் மிச்சமிருந்தன. அவர்களில் 9 பேருக்கு அவை வளர்ந்தன. பிறந்தவை இரண்டு குழந்தைகள். 37 பேர் சினைப்பையை இழக்கும் அபாயத்தை ஏற்று அறுவைக்கு ஒப்புக்கொண்ட பின் இரண்டு பேர் கையில் குழந்தை.

பிறகு மருந்தை விட்டுவிட்டு, ஒரே அறுவையில் வெட்டித் திரும்ப வைக்கும் எளிய வடிவம் வந்தது. இதையும் ஸ்பெயினில் முட்டை இருப்பு குறைந்த பெண்களிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். ஸ்கேனில் தெரியும் நுண்குமிழ்கள் கூடின. கைக்கு வந்த முதிர்ந்த முட்டைகள் கூடவில்லை. ஐரோப்பியப் பரிந்துரை இதையும் ஏற்கவில்லை.

ஸ்டெம் செல் சிகிச்சை?

ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு முயற்சி நடந்தது. மருந்து கொடுத்து, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, பிரித்தெடுத்து, சினைப்பைக்குப் போகும் தமனியில் செலுத்தினார்கள். 2018இல் வெளியான அறிக்கையில் 17 பெண்கள், ஐந்து கர்ப்பங்கள், மூன்று குழந்தைகள். இவர்களும் மாதவிடாய் நின்றவர்கள் அல்லர், ஐ.வி.எஃப். மருந்துக்குச் சரியாக எதிர்வினை காட்டாதவர்கள். சீனா உள்ளிட்ட நாடுகளில் தொப்புள்கொடி செல்களை வைத்துச் சிறு முயற்சிகள் நடந்திருக்கின்றன.

இந்தியாவில் இதற்குத் தெளிவான விதி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தரக் கூடாது. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையில் மட்டுமே தரலாம். சோதனையில் பங்கெடுப்பவரிடம் அதற்குப் பணம் வாங்குவதும் முறையல்ல. ஆகவே "ஸ்டெம் செல் பேக்கேஜ்" என்று லட்சங்களில் விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தோல் செல்லிலிருந்து கருமுட்டை செய்கிறார்களாமே? அதுவரை காத்திருக்கலாமா?

இந்தப் பட்டியலில் அறிவியல் ரீதியாகப் பெரிய நம்பிக்கை இதுவே. ஆனால் இன்னும் எட்டத்தில் இருக்கிறது. கத்சுஹிகோ ஹயாஷியும் மிதினோரி சைத்தோவும் 2012இல் ஜப்பானில், சுண்டெலியின் ஸ்டெம் செல்லிலிருந்து முட்டை உண்டாக்கி, அதிலிருந்து குட்டிகளையும் பிறக்கவைத்தார்கள். மனித செல்களில் 2018இல் முட்டையின் மிக ஆரம்பநிலை வரை போனார்கள். முதிர்ந்த மனித முட்டை இன்னும் கைகூடவில்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. தானமாகப் பெற்ற முட்டையின் உட்கருவை நீக்கி, தோல் செல்லின் உட்கருவை வைத்து, குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கச் செய்தார்கள். 82 முட்டைகள் கிடைத்தன. கருவூட்டியபின் ஏறத்தாழ 9 சதவீதம் ஆறாம் நாள் வரை வளர்ந்தன. எல்லாவற்றிலும் குரோமோசோம்கள் தவறாக இருந்தன. இதைச் சிகிச்சையாக்கப் பத்தாண்டுகளாவது ஆகும் என்று அந்தக் குழுவே சொன்னது.

இன்று 25 வயதில் இருப்பவர் செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். 36 வயதில் இருப்பவர் இதை நம்பி முடிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

மலைவேம்புச் சாறு, தண்ணீர்விட்டான் கிழங்கு, டி.எச்.இ.ஏ. மாத்திரை?

தீர்ந்துபோன முட்டையை இவை எதுவும் கொண்டுவரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மாமியார் ஆசையாகக் கொடுப்பதை மறுக்க முடியாத நிலை புரிகிறது. ஆனால் அதற்காக மருத்துவர் தந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் உறுதியாகப் பலன் தருவது எது?

தானக் கருமுட்டை. இதைச் சொல்லும்போது பலர் முகம் வாடும் என்று தெரியும். ஆனால் இது கடைசிப் புகலிடமாகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. உங்களைப் போன்றவருக்காகவே தொடங்கியது. 1983இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், சினைப்பை செயலிழந்த ஓர் இளம்பெண் தானக் கருமுட்டையில் உருவான கருவைச் சுமந்து குழந்தை பெற்றார். அவருடைய சினைப்பை வேலை செய்யவில்லை. கருப்பை வேலை செய்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்த அந்த முறையின் அடிப்படையே இன்றும் தொடர்கிறது. வாய்ப்பு முட்டை கொடுப்பவரின் வயதைப் பொறுத்தது, உங்கள் வயதையல்ல. அமெரிக்கத் தேசியப் பதிவுகளில், ஒருமுறை கருவை வைக்கும்போது ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குழந்தை பிறக்கிறது.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. முட்டை தருபவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டை ஒரு தம்பதிக்கு மட்டுமே. விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். பெறும் பெண் 50 வயதுக்குள் இருக்க வேண்டும். இந்த விதிகள் ஏன் என்று கேட்பவர்கள், 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதார் அட்டையோடு மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போய்க் கருமுட்டை விற்றது வெளிவந்ததை நினைத்துப் பார்க்கலாம். உங்களுக்கு வரும் முட்டை பதிவு பெற்ற வங்கியிலிருந்து, தகுந்த ஆவணங்களோடு வருகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரு வகையில் கடமையும்கூட.

உங்களுக்கு டர்னர் நோய்க்குறி இருந்தால், கர்ப்பத்துக்கு முன் இதயத்தையும் பெருந்தமனியையும் எக்கோ, எம்.ஆர்.ஐ. மூலம் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பெருந்தமனி கிழியும் அபாயம் உயிரையே பறிக்கக்கூடியது. மற்றவர்களுக்கும் தானக் கருமுட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு சற்று அதிகம்.

"அது நம் ரத்தம் இல்லையே" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஒன்பது மாதம் அந்தக் குழந்தையின் உடலில் ஓடப்போவது நீங்கள் தரும் உணவும் உயிர்க்காற்றும்தான். சட்டப்படியும் நீங்களே தாய். ஆனாலும் மனம் ஒப்பாதவர்களை நான் வற்புறுத்தமாட்டேன். குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பதும், தத்தெடுப்பதும் இதற்குச் சற்றும் குறைந்த முடிவுகள் அல்ல. மனநல ஆலோசகரைத் தம்பதியாகப் போய்ப் பார்ப்பது பயன் தரும். தனியாகப் பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்.

குழந்தையே இப்போது வேண்டாம். பிறகு ஏன் ஹார்மோன் மாத்திரை?

உங்கள் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் முப்பதுகளைக் கழித்தால் எலும்பு அடர்த்தி குறைகிறது. இதய நோய் அபாயம் கூடுகிறது. இயல்பான மெனோபாஸ் வயது வரை, அதாவது ஏறத்தாழ 50 வரை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் எடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

புற்றுநோய் பயம் 2002இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 63. இயற்கை நிறுத்தியபின் கூடுதலாகக் கொடுப்பது வேறு, உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது வேறு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும்.

இந்த மாத்திரை கருத்தடை அல்ல. எடுத்துக்கொண்டிருக்கும்போதே சிலர் கருத்தரித்திருக்கிறார்கள்.

என் மகளுக்கு 19 வயது. அடுத்த வாரம் கீமோதெரபி. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இன்றே பேச வேண்டும். நேரம் இருந்தால் ஏறத்தாழ இரண்டு வார மருந்துக்குப் பின் முட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம். நேரம் இல்லையென்றால் லேப்பராஸ்கோபி வழியாகச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கலாம். பூப்படையாத சிறுமிகளுக்குத் திசுவை உறைய வைப்பது ஒன்றே வழி. பெல்ஜியத்தில் 1997இல் ஒரு பெண்ணுக்கு அப்படி எடுத்து வைத்த திசுவைப் பின்னர் திரும்பப் பொருத்தி, 2004இல் குழந்தை பிறந்தது. அதன்பின் உலகெங்கும் 200க்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019இல் இதைப் பரிசோதனை முறை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ரத்தப் புற்றுநோயில் மட்டும், திசுவோடு புற்றுசெல்லும் திரும்பிவிடலாம் என்பதால் எச்சரிக்கை தேவை.

புற்றுநோய் மருத்துவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே கேளுங்கள்.

ஒரு மருத்துவமனை பி.ஆர்.பி. போடச் சொல்கிறது. என்ன கேட்பது?

இது பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனையா, நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். சோதனை என்றால் பணம் ஏன்? சோதனை இல்லை என்றால் ஆதாரம் எங்கே? பிறகு, இங்கே மாதவிடாய் நின்ற எத்தனை பெண்களுக்குப் போட்டீர்கள், எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்கள் என்று பதில் வந்தால் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

என் தங்கைக்கு 24 வயது. அவளுக்கும் வருமா?

வரலாம். இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. உங்களுக்கு எஃப்.எம்.ஆர்.1 நீட்சி இருப்பது தெரிந்தால் தங்கைக்கும் அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பார்கள். காரணம் தெரியாவிட்டால் அவளுக்கு நடக்குமா நடக்காதா என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை. ஏ.எம்.எச். ஓரளவு வழிகாட்டும். அது வயதுக்குத் தகுந்ததைவிடக் குறைவாக இருந்தால், திருமணம், படிப்பு, வேலை எல்லாவற்றையும் வைத்து, முட்டைகளை இப்போதே உறைய வைப்பது பற்றி அவள் யோசிக்கலாம். நம் வீடுகளில் திருமணமாகாத பெண் கருத்தரிப்பு மையத்துக்குப் போவதே பேச்சாகிவிடும். உடன் போக அக்கா இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருக்கும்.